ஆறு மீட்டர் எழுந்த கப்பல்

கொரோனாவுக்கு முன்னால் நான் ஒரு நாள்கூட உடற்பயிற்சி செய்ததில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மாலையில் கடற்கரைப் பூங்காவில் புது ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி நடப்பவர்களைத் தாண்டி பைக்கில் வீட்டுக்குப் போவேன். நடப்பதற்காகவே நடக்கிறவர்களைப் பார்த்தால் பசிக்காமல் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதுபோல இருக்கும். அன்றைக்கு நான் இரண்டு கப்பல் ஏறி இறங்கியிருப்பேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க் நான். கப்பல் வந்து கட்டியதும் முதலில் ஏறிப் போய், கேப்டன் முன்னால் உட்கார்ந்து, மாலுமிகளின் பட்டியல், சரக்குக் காகிதம், சுங்கக் காகிதம் எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருவது வேலை. ஏறுவதற்குக் கப்பலின் விலாவில் ஓர் அலுமினியப் படி இறக்கிவிடுவார்கள். கேங்வே என்று பெயர். மிதித்தால் ஆடும். கைப்பிடிக் கயிறு அதைவிட அதிகமாக ஆடும். இருபத்திரண்டு வருடம் அதில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயில் பேனாவோடு ஏறியிருக்கிறேன். எடை ஐம்பத்தெட்டு கிலோ. நாசரேத்தில் என் உறவுக்காரர்கள், ஷாமுக்குச் சாப்பாடு போடுகிறாளா இல்லையா என்று என் மனைவி ஜெபசுதாவிடம் நேரடியாகவே கேட்பார்கள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஊர் அடைத்தது. துறைமுகம் அடைக்கவில்லை. ஆனால் கரையில் இருப்பவன் கப்பலில் ஏறக்கூடாது, கப்பலில் இருப்பவன் கரையில் இறங்கக்கூடாது என்று உத்தரவு. கப்பல்காரர்களுக்கு நாங்கள் நோய், எங்களுக்கு அவர்கள் நோய். கேப்டன்கள் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றில் இறக்குவார்கள். நான் ஆபீஸ் காரிலிருந்து கையை மட்டும் நீட்டிக் காகிதத்தை அதில் போடுவேன். முதல் மாதம் காரைவிட்டு இறங்கினேன். அடுத்த மாதம் வாளியைக் கார் ஜன்னல் உயரத்துக்கு இறக்கச் சொல்லிச் சைகை காட்டப் பழகிக்கொண்டேன். பிறகு வாளியும் நின்றது. எல்லாம் மின்னஞ்சல். கேப்டனின் கையெழுத்து என் போனுக்கு வந்தது. நான் கட்டிலில் இருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் ஊர் தலைகீழாகிவிட்டது. உட்கார்ந்தே இருந்தவர்கள் எழுந்தார்கள். பள்ளியில் கணக்கு டீச்சரான ஜெபசுதா மொட்டைமாடியில் கயிறு தாண்ட ஆரம்பித்தாள். தெருவில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு தலை எட்டுப்போட்டு நடந்தது. எங்கள் மேனேஜர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி, ஐம்பத்தேழு வயது, மேஜையிலிருந்து கழிப்பறைக்குப் போவதையே பயணமாகக் கருதியவர், ஒரு சைக்கிள் வாங்கினார். ஆபீசில் காகிதங்களைத் தயாரிக்கும் அனுசியாவுக்கு முத்தையாபுரத்திலிருந்து பஸ் நின்றுபோனது. நாலரை கிலோமீட்டர் நடந்து வந்தாள். பஸ் திரும்ப வந்த பிறகும் நடந்தே வந்தாள். கேட்டால், "பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல வந்துருதேன் சார்" என்பாள்.

ஊரில் உட்கார்ந்தது நான் ஒருவன்தான். என் உடம்பு கம்பெனியின் பொறுப்பு என்று இருபத்திரண்டு வருடம் நினைத்திருந்தேன் போல. கம்பெனி படியை எடுத்ததும் உடம்பும் வேலையை நிறுத்திவிட்டது. ஜெபசுதா பொரித்த பூரியும், பேக்கரிக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மக்ரூனும் மட்டும் நிற்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டு மே மாதம் எடை எண்பத்து நாலு. மெஷினில் தவறு இருக்கும் என்று ஜெபசுதாவை ஏறச் சொன்னேன். அவளுக்குச் சரியாகக் காட்டியது.

ஜூன் முதல் வாரம் மந்திரமூர்த்தி அண்ணாச்சி என்னையும் அனுசியாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சைக்கிள் ஹெல்மெட் மேஜைமேல் இருந்தது.

"கப்பலுக்கு ஆள் ஏறலாம்னு சொல்லிட்டாம்வே. புதன்கிழமையில இருந்து பழையபடி போர்டிங்."

"சரி அண்ணாச்சி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் நாலாவது பட்டனைப் பார்த்தார்.

"உம்மால ஏற முடியுமா?"

"என்ன அண்ணாச்சி கேக்கீய. இருவத்திரெண்டு வருசமா..."

"இருவத்திரெண்டு வருசம் ஏறுனது வேற ஆளுவே. நான் இப்பம் இங்கன இருக்க ஆளக் கேக்கேன். அனுசியா இந்த வேலைய எனக்குத் தாங்க, நான் ஏறுதேங்கா. அவ கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல."

அனுசியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மறுக்கவில்லை.

"ஒரு கப்பல் ஏறும்" என்றார் அண்ணாச்சி. "ஏறிட்டீர்னா வேலை உம்மளுது. இல்லன்னா அவ மேல போகட்டும், நீரு அவ சீட்ல இரும். எந்தக் கப்பல்னு நீரே சொல்லும்."

எந்தக் கப்பல் என்று என்னையே சொல்லச் சொன்னதுதான் அவர் செய்த தவறு என்று நினைத்தேன். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சரக்கு நிறைந்து வரும் கப்பல் தண்ணீரில் ஆழ உட்கார்ந்திருக்கும். கேங்வே ஏறக்குறையப் படுத்திருக்கும். சர்ச் வாசல் படி ஏறுவதுபோலப் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் எழும். காலிக் கப்பலின் கேங்வே சுவரில் சாத்திய ஏணி. நான் பட்டியலைப் பார்த்து, எழுபதாயிரம் டன் நிலக்கரியோடு வரும் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்தேன். அதைவிட ஆழமாக உட்கார்ந்து வருகிற கப்பல் அந்த மாதம் இல்லை.

அதோடு விடவில்லை, பயிற்சியும் செய்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. பதினோரு கம்பி. காலையில் அதில் ஏறி இறங்கினேன். ஜெபசுதா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள்.

"எத்தன?"

"நாப்பத்திநாலு."

"இறங்குறதையும் சேத்து எண்ணுதீங்க."

"இறங்குறதும் வேலதான."

"பிள்ளைங்க பரீட்சையில இப்பிடி எழுதுனா நான் முட்ட போடுவேன்" என்றாள். ஐந்து நாள் செய்தேன். ஆறாவது நாள் மழை பெய்யும்போல இருந்ததால் செய்யவில்லை. பெய்யவில்லை.

புதன்கிழமை மாலை கப்பல் வந்து கட்டியது. ஆறு ஐம்பதுக்கு நான் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி சுகாதாரத் துறைக்கும் சுங்கத்துக்கும் மின்னஞ்சல்களைத் தட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் அனுமதிகள் வந்தன. நாளைக்குக் காலையில் நிதானமாகப் போய்க் கையெழுத்து வாங்கினால் போதும். வியாழக்கிழமை காலையில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. ஏணியின் கைங்கரியம். துறைமுகப் பாஸ் புதுப்பிக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினேன். பாஸ் டிசம்பர் வரை செல்லும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அனுசியா உபரி ஃபைல்களோடு கூட வந்தாள். கார் நிலக்கரித் தளத்தில் திரும்பியதும் நான் பிரேக்கை மிதித்தேன்.

கப்பல் எழுந்து நின்றது. சிவப்பு அடிப்பகுதி ஒரு வீட்டு உயரத்துக்கு வெளியே தெரிந்தது. கேங்வே அதன் விலாவில் செங்குத்தாகத் தொங்கியது. மேலே நின்ற மாலுமியின் தலை ஒரு கொட்டைப்பாக்கு அளவு இருந்தது.

"என்ன சார், வேற கப்பலா?" என்றாள் அனுசியா.

வேறு கப்பல் இல்லை. முன்பெல்லாம் நாங்கள் ஏறி, கையெழுத்து வாங்கி, அதிகாரிகள் தலையாட்டிய பிறகுதான் கிரேனின் கிராப் முதல் பிடி நிலக்கரியை அள்ளும். அதனால் நான் ஏறும்போது கப்பல் எப்போதும் நிறைந்தே இருந்தது. கொரோனாவில் அந்த வழக்கம் மாறிவிட்டது. மின்னஞ்சலில் அனுமதி போனால் போதும், ஆள் ஏறும்வரை காத்திருக்க மாட்டார்கள். அந்த மின்னஞ்சலை இரண்டு வருடமாக அனுப்பியவன் நான். புதன்கிழமை அனுப்பியவனும் நான். முப்பத்தொன்பது மணி நேரத்தில் நாற்பதாயிரம் டன்னுக்கு மேல் அள்ளிவிட்டார்கள். கப்பல் ஆறு மீட்டர் எழுந்திருந்தது. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ஒரு விரலால் நானே அதைத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

"நான் ஏறட்டுமா சார்?"

"நீ இங்கன இரு."

நாற்பத்தெட்டுப் படி. முதல் பன்னிரண்டை வேகமாக ஏறினேன், அவள் பார்க்கிறாள் என்பதால். பதினெட்டில் நின்று, கப்பலின் முகப்பில் எழுதியிருக்கும் ஆழ அளவுகளைப் படிப்பதுபோலக் கழுத்தைத் திருப்பினேன். இருபத்தாறில் ஷூ கயிற்றைக் கட்டினேன். அது கயிறில்லாத ஷூ. முப்பதுக்கு மேல் காரணங்கள் தீர்ந்துபோயின. நிலக்கரித் தூளும் ஜூன் மாத வெயிலும் முகக்கவசமும் சேர்ந்து, என் மூச்சு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அலுமினியம் கையைச் சுட்டது. நாற்பதாவது படியில், கீழே இறங்குவது எட்டுப் படி ஏறுவதைவிடக் கடினம் என்ற ஒரே காரணத்தால் மேலே போனேன். இதை வீரம் என்று பிற்பாடு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் ஏறிவிட்டேன். நாற்பத்தெட்டாவது படியில் நின்றேன். வேலை என்னுடையது.

மேலே நின்ற பிலிப்பைன்ஸ் மாலுமி புன்னகையோடு என் நெற்றியில் வெப்பமானியை நீட்டினான். புன்னகை போய்விட்டது. இன்னொரு முறை வைத்தான். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. நான் 'வெயில், படி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, இருமல் வந்தது. அவன் மூன்றடி பின்னால் தாவினான். தூரத்தில் நின்ற அதிகாரி ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினார். எந்த நாட்டு மொழியிலும் அதற்கு ஒரே பொருள்தான்.

நாற்பத்தெட்டுப் படி இறங்கினேன். அந்தக் கணக்கை ஜெபசுதாவிடம் சேர்த்துச் சொல்ல முடியாது.

காரில் வந்து விழுந்ததும் போன் அடித்தது. கப்பலிலிருந்து அண்ணாச்சிக்குத் தகவல் போய்விட்டது.

"ஜுரமா வே?"

எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று உண்மை. அதைச் சொன்னால் வேலை போயிற்று. இன்னொன்று மரியாதையான நோய். உலகமே அதற்கு இரண்டு வருடம் எழுந்து வழிவிட்டிருக்கிறது. ஏழு நாள் கிடைக்கும். அதற்குள் வேறொரு நிறைந்த கப்பல் வரும்.

"இருக்க மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி" என்றேன். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் ஜுரம் என்றுதான் நினைப்பார்கள்.

"அனுசியா வண்டியில உம்மகூடத்தான வந்தா?"

"ஆமா."

"அப்பம் அவளும் கப்பல் பக்கம் போவாண்டாம். ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டு வீட்ல கெடங்க. அந்தக் கப்பலுக்கு நான் என்னமாவது பண்ணுதேன்."

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அனுசியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபைல்களை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரிவரை காரிலேயே வா என்றேன். வேண்டாம் என்றாள். பஸ்ஸிலும் ஏற முடியாது, ஊருக்குப் பரப்பக்கூடாதே.

"நான் நடந்து போயிருதேன் சார். நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

உச்சிவெயிலில் அவள் கேட்டை நோக்கி நடந்தாள். நான் ஏசியைக் கூட்டினேன். அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, கை போனது. ஆனாலும் செய்தேன்.

வீட்டில் ஜெபசுதா வெப்பமானியை என் நாக்கின் கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. ஜுரம் இல்ல."

"வந்துட்டுப் போயிருக்கும்."

"தொட்டி ஏணியில ஏறும்போதும் இப்பிடித்தான் வந்துட்டுப் போச்சு" என்றாள். பிறகு, "எதுக்கும் மாடி ரூம்ல கெடங்க. எனக்கு ப்ளஸ் டூ பேப்பர் திருத்தப் போணும்."

மாடியில் கிடந்தேன். சாப்பாடு வாசலில் வந்தது. ஜன்னல் வழியாகத் தெருவின் மொட்டைமாடிகள் தெரிந்தன. நோய் குறைந்த பிறகும் பாதித் தலைகள் எட்டுப்போட்டுக்கொண்டுதான் இருந்தன. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நோயாளிக்கு அசைப்பதுபோல அசைத்தார். நான் பலவீனமாகத் திருப்பி அசைத்தேன். அது எளிதாக வந்தது.

சனிக்கிழமை மாலை அண்ணாச்சி கூப்பிட்டார்.

"நான் ஏறிட்டம்வே."

"எதுல?"

"உம்ம கப்பல்லதான். நேத்து சாயங்காலம். ஆள் யாரு இருக்கா? ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தி வீட்டுல. அதுக்குள்ள இன்னும் ஒரு மீட்டர் எந்திரிச்சிட்டு. ஏறிப் போனேன். அந்தப் பய நெத்தியில வச்சான். முப்பத்தாறு புள்ளி எட்டு. கேப்டன் காப்பி தந்தான்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உமக்கு ரிசல்ட் வந்துட்டா?"

வந்திருந்தது. காலையிலேயே வந்துவிட்டது. எனக்கு எந்த நோயும் இல்லை என்று ஓர் ஆய்வகம் முத்திரை வைத்து எழுதிக் கொடுத்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்கெதிராக எழுதப்பட்ட மிகத் துல்லியமான காகிதம் அதுதான்.

"நெகட்டிவ் அண்ணாச்சி."

"அனுசியாவுக்கும் நெகட்டிவ்தான். அப்பம் உமக்கு என்ன?"

மேலே மொட்டைமாடியில் கயிறு தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. ஜெபசுதா பேப்பர் திருத்திவிட்டு வந்து தாண்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பொய் கைவசம் இருந்தது: ஆய்வக முடிவுகள் சில நேரம் தவறாக வருவதுண்டு. அதைச் சொன்னால் அனுசியா இன்னும் ஐந்து நாள் வீட்டில் கிடக்க வேண்டும்.

"எடை அண்ணாச்சி" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல. பாஸும் புதுப்பிக்கப் போகல. கால் வலிச்சிது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா அந்தப் பிள்ள வெயில்ல நடந்திருக்க வேண்டாம்லா" என்றார். "திங்கக்கிழமை சுண்ணாம்புக்கல் கப்பல் வருது. அவ ஏறட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"எங்கிட்ட எதுக்கு வே கேக்கீரு. உம்ம வயித்துக்கிட்ட கேளும்."

திங்கட்கிழமை காலை அனுசியாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எடைக்குப் பழகிய நாற்காலி. ஒரு பெருமூச்சோடு நாலு விரல் கீழே போனது. அவள் வந்து, போர்டிங் ஆளுக்குரிய ஆரஞ்சு நிற உயிர்காப்புக் கவசத்தை என் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினாள்.

"அன்னைக்கு எனக்கு ஜுரம் இல்லம்மா" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்பிடி?"

"இருவத்தாறாவது படியில, கயிறில்லாத ஷூவுக்குக் கயிறு கட்டுனீங்க. ஜுரக்காரங்க அப்பிடிச் செய்ய மாட்டாங்க."

"அப்பறம் ஏன் அண்ணாச்சிகிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் லேட்டு."

அவள் இடுப்புப் பட்டையை இழுத்தாள். போன வருடம் ஒரு நாள் அதை மாட்டிப் பார்த்தபோது, நான் அதன் கடைசித் தையல் வரை தளர்த்தி விட்டிருந்தேன். அவள் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கொக்கி மாட்டிய பிறகும் ஒரு முழத்துக்கு மேல் பட்டை முழங்கால் வரை தொங்கியது. படியில் தட்டிவிடும்.

"இத வெட்டிரட்டுமா சார்?"

"வேண்டாம். மடிச்சுக் கட்டிக்கோ."

"ஏன், திரும்ப நீங்க போடுவீங்களா?"

"போடலாம்லா."

அவள் தொங்கும் பட்டையைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, திரும்பவும் பட்டையைப் பார்த்தாள்.

"நீங்க திரும்ப ஏறுத அளவுக்கு ஆயிட்டீங்கன்னா, உங்களுக்கும் இவ்வளவு வேண்டியிருக்காதே சார்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கத்தரிக்கோல் இரண்டாவது இழுப்பறையில் இருப்பதாக அவளே சொன்னாள். எடுத்து, எழுந்து போய், நானே வெட்டிக் கொடுத்தேன்.